வெட்டுமரப் பயிரும் சிறு தோட்டக்காரரின் தயக்கமும்

பால்மரத்தை நம்பி வாழ்ந்த ஒருவருக்குச் சொந்தமாக 3 ஏக்கர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தேக்கோ செந்தாங்கோ நட்டால் 15, 20 ஆண்டுகளில் நல்ல வெட்டுமரம் கிடைக்கும் என்று அதிகாரிகள் கூறுகின்றனர். நடவேண்டிய இடைவெளி இவ்வளவு, கிளை கழிக்க வேண்டிய காலம் இது, இடையில் இத்தனை மரங்களை வெட்டி நீக்க வேண்டும் என்று விவரமாக எழுதியும் கொடுக்கின்றனர். அவரும் தலையை அசைத்துக் கேட்டுக்கொள்கிறார். வீட்டிற்குச் சென்றபின் தாம் எப்போதும் செய்ததையே செய்கிறார். இது ஏன்?

‘அறியாமை’ என்று விடை கூறிவிடுவது எளிது. ஆசிரியப் பயிற்சி பெற்ற என்னைப் போன்றவர்களுக்கு அந்த விடை சற்று இனிக்கவும் செய்யும். மாணவனுக்குப் பாடம் ஏறவில்லையென்றால் குறை மாணவனிடத்தில்தான் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஆயின், சிறு தோட்டக்காரர்களின் வாசலில் அமர்ந்து பேசிப் பார்த்தால் அந்த விடை நிற்பதில்லை. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். நாம் போடாத ஒரு கணக்கை அவர்கள் போடுகிறார்கள்.

இது தோட்டத் தொழிலாளர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று சிறு தோட்டக்காரர்களிடமே உள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைப் பங்காகப் போட்டு நிலத்தை வாங்கலாம் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததை மூத்தவர்கள் அறிவர். கைப்பணத்தைச் சேர்த்துச் சொந்தமாக ஓரிரு ஏக்கர் வாங்கியவர்களும் நம்மிடையே உண்டு. நிலம் இல்லாதவரும் பிறர் நிலத்தில் பால் வெட்டுகிறார். அவருடைய உளி படும் மரமும் ஒரு நாள் வெட்டுமரம் ஆகப் போகிறது. ஆகவே இந்தப் பாடம் யாவர்க்கும் உரியதே.

முதற்கண் வருமானத்தைப் பார்ப்போம். பால்மரம் நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் பால் தருகிறது. அதன்பின் மழையில்லாத நாளெல்லாம் மங்கில் ஏதேனும் விழும். விலை இறங்கினாலும் கட்டிப்பாலை விற்று அரிசி வாங்கலாம். வெட்டுமரமோ அப்படியன்று. அது 15 ஆண்டுகள் மௌனமாக நிற்கும். அந்த 15 ஆண்டுகளில் பிள்ளைக்குப் பள்ளிச் செலவு வரும். மகளுக்குத் திருமணம் வரும். வீட்டில் ஒருவர் நோயில் விழக்கூடும். ஆயிரம் ஏக்கர் உள்ள நிறுவனம் ஒரு பகுதியில் நட்டுவிட்டு மற்றப் பகுதியின் வருமானத்தில் காத்திருக்கலாம். மூன்று ஏக்கர்க்காரருக்கு அந்த ‘மற்றப் பகுதி’ கிடையாது. பெரும்பாலோர் அறுபது வயதை எட்டியவர்கள்; பிள்ளைகள் நகரத்தில் வேலை செய்கின்றனர். இன்று நடும் மரத்தை நான் வெட்டுவேனா என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுவது இயற்கையே.

அரசாங்கம் இதனை உணராமல் இல்லை. 2005-ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த வெட்டுமரத் தோட்டத் திட்டம், ஆண்டுக்கு 25,000 ஹெக்டர் வீதம் 15 ஆண்டுகளில் 375,000 ஹெக்டரில் மரம் நடுவதை இலக்காகக் கொண்டு கடனுதவிக்கு வழி செய்தது. ரப்பர், அக்கேசியா, தேக்கு, செந்தாங், காயா, கெலெம்பாயான், பத்தாய், பினுவாங் என எட்டு வகை மரங்கள் அதில் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவற்றுள் கெலெம்பாயான் நம் இலக்கியங்கள் போற்றும் கடம்ப மரமே. செந்தாங் நம் வேம்பின் நெருங்கிய உறவு. இலையைக் கிள்ளி முகர்ந்தால் உங்களுக்கே விளங்கும். எனினும், எண்ணிக்கையைப் பார்த்தாலே இது பெருநிலத்தை மனத்திற்கொண்டு எழுந்த திட்டம் என்பது புலனாகும். மூன்று ஏக்கருக்கு அதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ளலாம். அதை அப்படியே பின்பற்ற இயலாது.

அடுத்தது, முன்னோர் பட்ட அனுபவம். மரத்தைப் பற்றி அதிகாரிகள் கூறியவை எல்லாம் எப்போதும் பலித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து 1966-இல் சபாவுக்குக் கொண்டுவரப்பட்ட அக்கேசியா மேஞ்சியம் மிக விரைவாக வளர்ந்தது. தீபகற்ப மலேசியாவிலும் 1982-இல் தொடங்கிய வெட்டுமரத் தோட்டத் திட்டத்தில் அதுவே முதலிடம் பெற்றது. பதினைந்தே ஆண்டுகளில் பலகை அறுக்கலாம் என எதிர்பார்த்தனர். மரங்கள் வெளியே நேராகவும் பசுமையாகவும் நின்றன. வெட்டிப் பார்த்தபோது பலவற்றின் நடுப்பகுதி உளுத்துப்போயிருந்தது. காய்ந்த கிளை முறிந்த இடத்தின் வழியாகவும், கழித்தபின் ஆறாத புண்ணின் வழியாகவும் பூசணம் நுழைந்து நடுமரத்தைத் தின்றுவிட்டது. 1992-இல் அங்கே அந்த மரத்தின் புதிய நடவு நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்குப்பின் தேக்கின் காலம் வந்தது. 1990-ஆம் ஆண்டுகளில் தேக்கு நட்டால் செல்வம் குவியும் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. தேக்கு நீர் தேங்காத மண்ணையும், சுண்ணாம்புச் சத்தையும், ஆண்டில் சில மாதங்கள் தெளிவான வறட்சியையும் விரும்பும் மரம். பெர்லிஸ், வட கெடா ஆகிய இடங்களில் அந்த வறட்சி உண்டு. ஆண்டு முழுதும் மழை பெய்யும் புளிப்பு மண்ணில் நட்டவர்கள், இலை பெருத்துக் கிளை மலிந்த மரங்களைக் கண்டார்களே தவிர எதிர்பார்த்த தண்டைக் காணவில்லை.

இவ்வாறு ஒரு முறை கைசுட்டுக்கொண்ட கிராமத்திற்கு மறுமுறை சென்று ‘வேறொரு மரம் நடுங்கள்’ என்று கூறுபவர், முதலில் அந்தப் பழைய கதையைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நட விரும்புபவரும் மரத்தின் பெயரைக் கேட்குமுன் தம் மண்ணைக் கேட்கட்டும். மழை நின்றபின் தண்ணீர் எவ்வளவு நேரம் தேங்குகிறது? பழைய பால்மரத்தின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் இருக்கின்றனவா? வெள்ளை வேர் நோய் கண்ட கட்டை உள்ளே கிடந்தால் அந்நோய் புதிய பால்மரத்தை மட்டுமன்று, தேக்கையும் செந்தாங்கையும் பற்றும். கட்டையைத் தோண்டி அகற்றுவதற்கு ஆகும் செலவுதான் பல சிறு தோட்டக்காரர்களை இந்த முதல் படியிலேயே நிறுத்திவிடுகிறது.

இப்பொழுது எல்லாவற்றிலும் கடினமான பரிந்துரைக்கு வருவோம். வளர்ந்துகொண்டிருக்கும் மரங்களில் பெரும்பகுதியை நாமே வெட்டி நீக்க வேண்டும் என்பதே அது. இதனைக் கலைத்தல் என்பர்.

சில ஆண்டுகளுக்கு முன் கெடாவின் வடபகுதியில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் 3 ஏக்கர் வாங்கியிருந்தார். அதில் அரை ஏக்கரில் தேக்கு நட்டிருந்தார். ஆறு அடிக்கு ஆறு அடி. ஏறத்தாழ 600 மரங்கள். நட்டு எட்டு ஆண்டுகள் ஆகியும் பல மரங்கள் கைப்பருமனே இருந்தன. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலையோடு, வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடிக்கொண்டிருந்தன.

“பெரியவரே, இவற்றில் முக்கால் பங்கை நீக்க வேண்டுமே” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஐயா, தோட்டத்தில் என் நிரையில் ஒரு மரம் விழுந்தாலே கங்காணி வந்து நிற்பார், கிராணி எழுதிக்கொள்வார், துரை கூப்பிட்டுக் கேட்பார். மரத்தைக் காப்பாற்றத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். என் சொந்த மரத்தை நானே வெட்ட வேண்டும் என்கிறீர்களே!” என்றார்.

அவர் கூறியதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மரத்தின் எண்ணிக்கையே செல்வம். நிரையில் எத்தனை மரம் என்பதைக் கொண்டுதான் நாள் கூலி முதல் தோட்டத்தின் மதிப்பு வரை கணக்கிடப்பட்டது. வெட்டுமரப் பயிரில் அந்தக் கணக்கு தலைகீழாக மாறுகிறது. இங்கே எண்ணிக்கை அன்று, பருமனே செல்வம். அதை அவருக்கு விளக்கக் கயிறும் சுண்ணாம்புக் கட்டியும் போதுமானவையாக இருந்தன. வாசகர்களும் செய்து பார்க்கலாம்.

வெட்டிய மரத்துண்டின் நடுப்பகுதியில் கயிற்றைச் சுற்றிச் சுற்றளவை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையைத் துண்டின் நீளத்தால் பெருக்கி 12.57-ஆல் வகுத்தால், அத்துண்டில் எத்தனை கன மீட்டர் மரம் உள்ளது என்பது தெரிந்துவிடும். 5 மீட்டர் நீளமுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் சுற்றளவு 60 சென்டிமீட்டர், அஃதாவது 0.6 மீட்டர். 0.6-ஐ 0.6-ஆல் பெருக்க 0.36, அதை 5-ஆல் பெருக்க 1.8; 12.57-ஆல் வகுக்க 0.143 கன மீட்டர். மற்றதன் சுற்றளவு 1.2 மீட்டர். அதே வழியில் கணக்கிட்டால் 0.573 கன மீட்டர் வரும். சுற்றளவு இரண்டு மடங்கானால் மரம் நான்கு மடங்காகிறது. பருத்த மரம் ஒன்று, ஒல்லியான மரம் நான்கிற்குச் சமம்.

இது அளவில் மட்டுமே. விலையில் வேறுபாடு இதனினும் பெரிது. ஒல்லி மரத்தை அறுத்தால் பட்டையும் புறப்பலகையுமாகப் பெரும்பகுதி கழிந்துவிடும். தேக்கில் மக்கள் விரும்புவது நடுவில் உள்ள பொன்னிற வைரத்தை. வெளிறிய வெளிமரம் பூச்சிக்கும் ஈரத்திற்கும் தாங்காது. இளைய, மெலிந்த மரத்தில் வெளிமரமே மிகுதி. ஆதலால்தான் 3 மீட்டருக்கு 3 மீட்டர் என ஏக்கருக்கு 450 கன்று நட்டாலும், கடைசியில் மரத்தின் வகைக்கும் மண்ணுக்கும் ஏற்ப ஏறத்தாழ 80 முதல் 120 வரையே விட்டுவைக்குமாறு பரிந்துரைக்கின்றனர். எல்லாவற்றையும் ஒரே நாளில் நீக்குவதில்லை. கிளைகள் ஒன்றோடொன்று தொடத் தொடங்கும்போது கோணலானவை, இரட்டைத் தண்டு விட்டவை, நோய் கண்டவை ஆகியவற்றை முதலில் நீக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு முறை. முதலில் கூடுதலாக நடுவது, நல்லவற்றைத் தேர்ந்தெடுக்க நமக்கு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதற்காகவே.

கணக்கு விளங்கியும் கை எழாததற்கு இன்னொரு காரணம் உண்டு. கலைத்த மரத்தை வாங்குவார் அரிது. வெட்டுவதற்கு ஒரு நாள் கூலி, இழுத்துப் போடுவதற்கு ஒரு நாள் கூலி, வருமானம் ஒன்றுமில்லை. பரிந்துரை எழுதும்போது இந்தச் செலவையும் சேர்த்து எழுதினால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும். ஓரளவு குறுக்கு வழியும் உண்டு. நிலம் முழுவதையும் மரத்தால் நிரப்பாமல் எல்லையோரத்தில் ஒன்று அல்லது இரண்டு வரிசை மட்டும் நட்டால் மரத்திற்கு ஒரு பக்கமேனும் வெளிச்சம் கிடைக்கும். கலைக்க வேண்டியதும் குறையும். நடு நிலம் பால்மரத்திற்கே இருக்கும். வரிசையை அகலமாக விட்டு, முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இடையில் வாழையோ அன்னாசியோ பயிரிட்டால் கைச்செலவுக்கு ஏதேனும் வரும். வாழைக்கு இடும் உரமும் களையெடுப்பும் மரக்கன்றுக்கும் உதவும்.

கிளை கழித்தல் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடலாம். அக்கேசியா கன்று நட்ட முதல் அரை ஆண்டிற்குள் பல தண்டுகள் விட்டால் நேரான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும். கிளை 2 சென்டிமீட்டர் கனத்தை எட்டுமுன், அஃதாவது விரற்கனமாக இருக்கும்போதே, குச்சி நீட்டிக்கொண்டிராமல் கழித்துவிட வேண்டும். புண் விரைவில் மூடிக்கொள்ளும். பருத்தபின் கழித்தால், முன்னே கூறிய உளுப்பு நோய்க்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். இடர்ப்பாடு என்னவென்றால், விடியற்காலையில் பால் வெட்டி, பால் எடுத்து, நண்பகலில் வீடு திரும்பும் ஒருவருக்கு மாலையில் அரிவாளும் ஏணியும் தூக்க உடம்பில் வலிமை மிஞ்சுவதில்லை. ‘அடுத்த மாதம்’ என்று தள்ளுகிறார். கிளை காத்திருப்பதில்லை.

இத்தனையும் செய்து வளர்த்த மரத்தை விற்கும்போது மற்றொரு சோதனை வருகிறது. அறுவை ஆலைக்கு லாரி லாரியாக மரம் வேண்டும். அரை ஏக்கரில் நிற்கும் சில மரங்களுக்காகப் பாரம் தூக்கும் இயந்திரத்தையும் ஆட்களையும் கொண்டுவர எவரும் முன்வருவதில்லை; வந்தாலும் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்கின்றனர். ரப்பர் மரத்தைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையானது. ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய ஓரிரு நாள்களிலேயே நீலம் பாய்ந்துவிடும், துளைவண்டும் ஏறும். விரைவில் அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் நாற்காலி மேசைக்கு உதவும். ஆகவே லாரி போக முடியாத மேட்டு நிலத்து மரத்திற்கு விலை குறைகிறது. அங்குள்ளவர்கள் இடைத்தரகர் வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று கண்மதிப்பாகச் சொல்லும் தொகையை வாங்கிக்கொள்கின்றனர். மேலே கூறிய கயிற்றுக் கணக்கு இங்கே மீண்டும் கைகொடுக்கும். நிற்கும் மரங்களில் பத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளந்து, கிளையற்ற தண்டின் நீளத்தைக் கண்ணால் மதித்துக் குறித்துக்கொண்டவர், தரகர் சொல்லும் தொகைக்கு உடனே தலையசைக்க மாட்டார். மரம் மேலே போகப்போக மெலியும்; ஆதலால் இக்கணக்கு சற்று மிகையாகவே காட்டும் என்பதை மறவாதீர்கள். அண்டை அயலார் நால்வர் ஒரே ஆண்டில் மறுநடவுக்கு ஒத்துக்கொண்டு, ஒன்றாக விலை பேசினால் லாரி வரும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலப் பட்டாவில் இன்ன பயிர் என்று நிபந்தனை எழுதப்பட்டிருக்கலாம். நடுமுன் நில அலுவலகத்தில் அதைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நலம். மரத்தை வெட்டி வெளியே கொண்டுசெல்ல என்னென்ன அனுமதி வேண்டும் என்பதை மாநில வனத்துறையிடம் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். தந்தையின் பெயரிலேயே பட்டா கிடந்து, வாரிசுகள் ஐவர் ஐந்து ஊர்களில் இருந்தால், 20 ஆண்டுப் பயிரைத் தொடங்குமுன் அதைத் தீர்த்துக்கொள்வது மிக அவசியம்.

இவ்வளவு இடர்ப்பாடுகளையும் அடுக்கிப் பார்க்கும்போது, சிறு தோட்டக்காரருக்கு இன்று மிக அருகில் நிற்கும் வெட்டுமரம் எது என்ற கேள்வி எழுகிறது. அது அவருடைய பால்மரமே. ஒரு காலத்தில் முதிர்ந்த பால்மரம் புகைக்கூடத்திற்கும் செங்கற்சூளைக்கும் விறகாகவே போயிற்று. 1960-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிறையிலிருந்த மலாயாவாத்தா இரும்பாலை ரப்பர் மரக்கரியைக் கொண்டு இரும்பை உருக்கியது. மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவியபின் அதே மரம் நாற்காலியும் கட்டிலுமாகி வெளிநாடு செல்லலாயிற்று. இன்று நம் நாட்டு மரத் தளவாட ஏற்றுமதியின் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது. 1990-ஆம் ஆண்டுகளில் ரப்பர் ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசை ஒட்டுக்கன்றுகள் பாலும் மரமும் ஒருங்கே தருவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. காத்திருக்கும் ஆண்டுகளில் பால் வருகிறது; இறுதியில் மரம் நிற்கிறது. பரிந்துரைகளுள் மூன்று ஏக்கருக்கு மிகவும் பொருந்துவது இதுவே எனக் கருதுகிறேன்.

இதற்கும் செய்ய வேண்டியவை உண்டு. தெருவில் விற்கும் பெயர் தெரியாத கன்றை விட்டு, உரிமம் பெற்ற நாற்றங்காலில் ஒட்டுக்கன்று வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் 8 முதல் 10 அடி உயரம் வரை பக்கத் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். அதன்பின் எல்லாம் பால் வெட்டுபவரின் கையில் இருக்கிறது. உளி மரத்தைத் தொட்டால் பட்டை முண்டு முண்டாக வளரும் என்பதும், மறுபட்டையில் வெட்டுவது தொல்லை என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முண்டு பட்டையோடு நிற்பதில்லை. தண்டின் மிகப் பருத்த, மிக விலைபெறும் அடிப்பகுதியிலேயே அது மரத்திலும் கோணலை உண்டாக்குகிறது. காயமின்றி வெட்டும் கை, பாலை மட்டுமன்றிப் பலகையையும் காக்கிறது. அந்தக் கைத்திறனுக்கு இதுவரை யாரும் கூலியில் ஒரு காசு கூட்டிக் கொடுத்ததாகத் தெரியவில்லை; கொடுக்கத்தான் வேண்டும்.

மறுநடவு உதவி பற்றியும் ஒட்டுக்கன்று பற்றியும் மாவட்ட ரிஸ்டா அலுவலகத்தில் கேட்கலாம். 1973-இல் சிறு தோட்டக்காரர்களுக்கென்றே அமைக்கப்பட்ட அமைப்பு அது. பிற மரங்களைப் பற்றிக் கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்திற்கு எழுதலாம். எழுதும்போது நிலத்தின் அளவு, மேடா பள்ளமா, முன்பு என்ன பயிர் இருந்தது என்பவற்றைக் குறிப்பிட்டால் பயனுள்ள விடை வரும்.

கெடாப் பெரியவரை மறு ஆண்டு மீண்டும் பார்த்தேன். தேக்கு மரங்களில் ஏறத்தாழ நாற்பது குறைந்திருந்தன. வெட்டிய தண்டுகள் பயற்றங்கொடிக்குக் கொம்பாகவும் கோழிக் கூண்டுக்குக் காலாகவும் பயன்பட்டிருந்தன. நின்றவற்றில் சிலவற்றில் சுண்ணாம்பால் கோடு போடப்பட்டிருந்தது.

“கோடு போட்டவை வெட்ட வேண்டியவையா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா, அவை இருக்க வேண்டியவை” என்றார். “வெட்ட வேண்டியவற்றுக்குக் கோடு போட்டால் ஒவ்வொரு நாளும் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.”

நான் எண்ணிப் பார்த்தேன். கோடு போட்டவை எழுபது இருந்தன. அரை ஏக்கருக்கு அதுவே சற்று மிகுதி. அன்று நான் அதைச் சொல்லவில்லை.